மெட்டல் கழண்டிருக்கு

பில்டரை வெட்டுவதற்குச் சார்ஜன்ட் இரும்பறுக்கும் வாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று கையை வீசினேன். கொஞ்சம் கடுமையாகவே வீசியிருக்க வேண்டும். அந்த மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பால் போய் நின்றுவிட்டார்.

பொலிஸ் முற்றத்துப் பலா மரத்தின் கீழே கால் ஆடுகிற ஒரு மேசை. மேசையில் பத்திரிகைத் தாள் விரித்து, அதன் மேல் என் மனைவியின் வெள்ளை எனாமல் தட்டை வைத்திருந்தேன். தட்டின் நடுவில் கறுப்பு ஒயில் வழிந்து காய்ந்த ஒரு தகர டப்பா இருந்தது. பால்மா டின்னைவிடச் சிறியது. முற்றத்தின் மூலையில் நசுங்கிக் கிடந்த வேனிலிருந்து நான் கழற்றிய ஒயில் பில்டர் அதுதான்.

அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு மனிதன் வீட்டுக்குப் போவான். இல்லாவிட்டால் பெண்டாட்டியைக் கொன்றவன் என்ற பெயரோடு உள்ளே கிடப்பான். எனக்கு அது தெரியும். அதனால்தான் வாளைக் கண்டதும் எரிச்சல் வந்தது.

வாளால் அறுத்தால் வாளே இரும்புத் தூளைக் கொட்டும். அந்தத் தூள் உள்ளே விழும். பிறகு எது எஞ்சினுடைய இரும்பு, எது வாளுடைய இரும்பு என்று யாராலும் சொல்ல முடியாது. டின் வெட்டியைப் போல விளிம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டு போகிற ஒரு கருவி இருக்கிறது. தூள் விழாது. அதை நான் எப்போதும் பைக்குள் வைத்திருப்பேன். என் மனைவிக்கு அந்தக் கருவியைவிட, அவளுடைய தட்டு என்னோடு பொலிசுக்கும் கராஜுக்கும் அலைவதுதான் பெரிய வயிற்றெரிச்சல். ஒயில் பட்ட தட்டில் இனி யாருக்குச் சோறு போடுவது என்று கேட்டாள். எனக்கே போடு என்றேன்.

மனிதர் வருகிற அத்தியாயம்

போன வாரங்களில் இந்தப் பத்தியில் பிரேக், டயர், பஸ்ஸின் பின்பக்கக் கதவு என்று எழுதிக்கொண்டு வந்தேன். நாவுலயிலிருந்து ஒரு வாசகர், உங்கள் நினைவுகளில் வாகனம்தான் வருகிறது, மனிதரே வருவதில்லை என்று குறைப்பட்டு எழுதியிருந்தார். இந்த வாரம் மனிதர் வருகிறார்கள். இதை எழுதாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணமும் அவர்கள்தான்.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் வாகனப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் யாழ்ப்பாணம். மாத்தளைக்கு வேலை மாற்றம் கிடைத்து வந்தபோது இரண்டு வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். இங்கேயே நரைத்துவிட்டேன். விபத்து நடந்தால் பொலிசார் என்னைக் கூப்பிடுவார்கள். பிழை வாகனத்திலா, ஓட்டினவனிலா என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. இருக்கலாம், இருந்திருக்கக்கூடும் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு.

வேனை ஓட்டியவன் பெயர் தங்கவேல். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். நாற்பதைத் தாண்டிய மெலிந்த ஆள். மாத்தளை மரக்கறி வியாபாரி ஒருவரின் வேனில் பல்லேகம பக்கம் போய்ப் பூசணிக்காய் ஏற்றி வருவது அவன் பிழைப்பு. அந்த முறை அவன் மனைவி லெட்சுமியும் கூடப் போயிருந்தாள். அவளுடைய அக்கா அங்கே ஒரு கடையில் வேலை செய்கிறாள். அக்காவைப் பார்த்து நாளாகிவிட்டது என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அன்றிரவு அக்கா வீட்டில் தங்கினார்கள்.

மறுநாள் திரும்பி வரும்போது ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் வேன் நின்றது. நின்ற வேன் பின்னால் உருண்டது. பின்னால் லெட்சுமி நின்றிருந்தாள். அவள் மேல் ஏறி உருண்ட வேன் பள்ளத்தில் இறங்கி, ஒரு மரத்தில் சிக்கிக் கிடந்தது. தங்கவேலுக்கு இடக் கை முறிந்ததோடு சரி.

லெட்சுமியின் தம்பி முருகேசு பொலிசுக்குப் போய், இது விபத்தில்லை என்று சொன்னான். புறப்படும்போது இரண்டு பேருக்கும் சண்டை நடந்ததைப் பல்லேகமவில் கண்டவர்கள் இருக்கிறார்கள், வேன் முதல் நாள்தான் கராஜில் ஒயில் மாற்றி நல்லபடியாக வந்தது, லெட்சுமியை வழியில் இறக்கிவிட்டு வேண்டுமென்றே பின்னுக்கு எடுத்திருக்கிறான் என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவளைத் துணியில் சுற்றி வாங்கியவன் அவன்.

கல்

பில்டரை வெட்டுவதற்கு முதல் நாள், தங்கவேலையும் ஏற்றிக்கொண்டு பொலிசார் அந்த இடத்துக்குப் போனார்கள். நானும் போனேன்.

தார் போட்டு இழைத்த நல்ல காபட் ரோடு. துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு பக்கம் வெட்டிய மண் சுவர், மறு பக்கம் பள்ளம். காற்று நின்று பேச விடவில்லை. தங்கவேல் ஒரு கையில் கட்டும் மறு கையில் விலங்குமாக நின்றான். விலங்கின் மறு முனை ஒரு கான்ஸ்டபிளின் கையில் இருந்தது. தங்கவேல் பள்ளத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

வேனைப் பார்த்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பின்பக்க இடது டயரின் வெட்டுக்களுக்குள் பூசணி விதைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன. உள்ளே மூட்டை மூட்டையாகப் பூசணிக்காய் இருந்த வேன்தான். கவிழ்ந்தபோது சிதறி எங்கும் ஒட்டும். ஆனால் அந்த ஒரு டயரில் மட்டும் விதை அரைபட்டு அப்பியிருந்தது. அது எப்படி என்று அவனிடம் கேட்டேன்.

அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஏற்றத்தில் கியர் மாற்றும்போது எஞ்சின் சட்டென்று இறுகி நின்றுவிட்டது; பிறகு கியரும் விழவில்லை. டீசல் வேனில் எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவுகிற உறிஞ்சு காற்றும் நின்றுவிடும். பெடல் கட்டையாகிவிடும். அவன் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, கை பிரேக்கையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இறங்கிச் சில்லுக்குக் கல் வை என்று லெட்சுமியிடம் கத்தினான். மலையில் ஓடுகிற எல்லா வாகனத்திலும் இது வழக்கம். ஒருவர் குதித்து இறங்கிப் பின்சில்லு உருளாமல் அதற்குக் கல் வைப்பார். அவளும் குதித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் வாயால்தான் கேட்க வேண்டும்.

“அந்த எடத்துல ஒரு கல்லு இல்லீங்க ஐயா. இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுனா. கண்ணாடியில பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பெறகு பின்கதவத் தொறந்து ஒரு பூசணிக்காய எடுத்து வச்சா.”

  சார்ஜன்டுக்குத் தமிழ் அரைகுறை. என்ன சொல்கிறான் என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். பூசணிக்காய் என்ற சொல்லை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

உண்மையைச் சொன்னால் அப்போதே அவனை நம்பிவிட்டேன். ஆனால் நான் நம்புவதற்கு அரசாங்கம் சம்பளம் தருவதில்லை. டயரில் இருந்த விதை, அவள் பின்னால் ஏன் போனாள் என்பதைச் சொல்லும். எஞ்சின் தானாக நின்றதா, அவன் நிறுத்தினானா என்பதைச் சொல்லாது.

மண்ணெண்ணெயில் கழுவிய காலம்

எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. உள்ளே இறுகிப் போயிருந்தது. அது போதாதா என்று சார்ஜன்ட் கேட்டார். போதாது.

பள்ளத்தில் விழுந்தபோது எஞ்சினின் அடித்தட்டு கல்லில் மோதிப் பிளந்து, ஒயில் முழுதும் கொட்டியிருந்தது. விழும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருந்தால், ஒயில் இல்லாமல் அங்கேயே இறுகியிருக்கும். அப்படியென்றால் முருகேசு சொன்னது சரி. விழுவதற்கு முன்பே இறுகியிருந்தால் தங்கவேல் சொன்னது சரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

இதற்குப் பதில் பில்டருக்குள் இருக்கும். எஞ்சினுக்குள் ஓடுகிற ஒயில் இந்த டப்பாவுக்குள் புகுந்து, மடிப்பு மடிப்பான ஒரு காகிதத்தில் அழுக்கை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். உள்ளே ஏதாவது உலோகம் தேய்ந்து உதிர்ந்தால் அதுவும் அந்தக் காகிதத்தில் தங்கும். ஒயில் கொட்டிப் போன பிறகு பில்டருக்குள் எதுவும் வந்து சேராது. ஆகவே அங்கே இருப்பதெல்லாம் விழுவதற்கு முன்பு நடந்தது. முதல் நாள்தான் பூட்டிய புது பில்டர் வேறு. கறுப்புக் கரியைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

பில்டர் என்றதும் எனக்கு, நாட்டில் பணம் வற்றி ஒன்றும் கிடைக்காமல் போன அந்த வரிசைக் காலம்தான் நினைவுக்கு வருகிறது. டீசலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஒயிலும் இல்லை, பில்டரும் இல்லை. பழைய பில்டரை மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காய வைத்து, திரும்பப் பூட்டினார்கள். மண்ணெண்ணெய் கிடைத்தவன்தான் அதையும் செய்தான். மற்றவன் தட்டிவிட்டுப் பூட்டினான். கழுவக் கூடாது, காகிதம் கிழிந்து அழுக்கெல்லாம் எஞ்சினுக்குள் போகும் என்று நான் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கராஜ்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை, நீங்கள் பில்டருக்கு அழுகிறீர்கள் என்றார். 

வரிசைகள் போய்விட்டன. அப்போது உள்ளே போன அழுக்கு மட்டும் எத்தனையோ எஞ்சின்களில் இருந்து அரித்துக்கொண்டிருந்தது. தங்கவேல் ஓட்டியதும் அப்படி ஒன்று.

மடிப்புக்குள் மினுங்கியது

டப்பாவின் மூடி கழன்று வந்தது. உள்ளேயிருந்த காகிதச் சுருளை இழுத்து, கத்தியால் இரண்டு ஓரத்தையும் கீறி, மடிப்புகளை விரித்தேன். சுத்தமான துணியில் வைத்து அழுத்தி ஒயிலைப் பிழிந்தேன். பிறகு அதைத் தூக்கி, இலைகளுக்கு நடுவே விழுந்த வெயிலில் சாய்த்துப் பிடித்தேன்.

மினுங்கியது. ஒன்று இரண்டு பொடி அல்ல. ஒவ்வொரு மடிப்பிலும் மீன் செதிள் போலத் தகடு தகடாக. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். ஒட்டவில்லை. இரும்பில்லை. பெற்றோல் ஊற்றித் தட்டில் அலசினேன். வெள்ளை எனாமலில் வெள்ளி நிறத் தகடுகளும், அவற்றுக்கிடையே செம்பு நிறத்தில் வேறு சிலவும் வந்து தங்கின.

எஞ்சினுக்குள் சுழலுகிற பெரிய தண்டு நேராக இரும்பில் உராயாமல் இருக்க, மென்மையான உலோகத்தில் பிறை வடிவத் தகடுகள் வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டின் மேல்பூச்சு வெள்ளி நிறம். அது தேய்ந்து முடிந்தால் அடியிலுள்ள செம்பு தெரியும். செம்பும் உதிர்கிறதென்றால் எஞ்சினுக்கு ஆயுசு முடிந்துவிட்டது. அந்த வேன் பள்ளத்தில் விழுந்து சாகவில்லை. ஏற்றத்திலேயே செத்துவிட்டது.

எனக்கு வந்தது சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். சார்ஜன்டைக் கூப்பிட்டுத் தட்டைக் காட்டினேன். இந்தத் தகடுகளுக்கு நம் நாட்டுக் கராஜ்களில் மூன்று பாஷையிலும் ஒரே பெயர்தான். மெட்டல் என்பார்கள். மெட்டல் போய்விட்டது, மெட்டல் அடிக்கிறது என்று சொன்னால் எஞ்சினை இறக்க வேண்டும் என்று பொருள். நானும் அப்படியே, மெட்டல் கழன்றிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன்.

சார்ஜன்ட் சிரித்தார். அந்த ஆளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றார்.

எதை என்று கேட்டேன்.

மெட்டல், மெட்டல் என்று. நாவுல ரோட்டில் மெட்டல் கழன்று கிடக்கிறது, அதில் வராதே என்று கராஜ்காரன் போன் பண்ணிச் சொன்னானாம். அதனால்தான் நாவுல வழியை விட்டு மலை வழியாக வந்தானாம். சுத்தப் பொய். ரோட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தோம், ஒரு கல் கிடையாது. கராஜ்காரனையும் கேட்டோம், ரோட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறான். ஒரு பொய் சொல்கிறவன் மற்றதிலும் பொய்தான் சொல்வான் என்றார்.

இங்கே ரோட்டுக்குப் போடுகிற உடைகல்லுக்கும் மெட்டல் என்றுதான் பெயர். அதுவும் மூன்று பாஷையிலும்.

நான் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை

அந்த வேனுக்கு ஒயில் மாற்றிய நிசாமின் கராஜ் மாத்தளையில். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூல் போட்டார். பொலிஸ் வந்து கேட்டதைச் சொன்னார். நாவுல ரோட்டில் மெட்டல் என்று நீ சொன்னாயா என்று கேட்டார்களாம். இல்லை என்றாராம். அத்தோடு போய்விட்டார்களாம். போன் பண்ணி என்னதான் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன்.

வேன் ஒயில் மாற்றிக்கொண்டு போன பிறகுதான், வடித்து வைத்த பழைய ஒயிலைப் பீப்பாவில் ஊற்றியிருக்கிறார். ஊற்றும்போது வெயிலில் அது மினுங்கியிருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்ததும் விளங்கிவிட்டது. உடனே தங்கவேலுக்குப் போன் போட்டார். எடுபடவில்லை. அந்தப் பக்கம் மலைக்குள் சிக்னல் கிடைப்பது அபூர்வம். மறுநாள் காலையில் ஒருமுறை கிடைத்தது.

“‘தங்கவேல் அண்ணன், மெட்டல் கழண்டீக்கி, அதுல வராதீங்க’ண்டு சொன்னேன் சேர். அவரும் ‘சரி நிசாம் நானா, அதுல வரல்ல’ண்டார். அத்தோட லைன் கட்டாகிட்டு. மனுசன் வெளங்கிட்டார்தானேண்டு நானும் இருந்துட்டேன்.”

அதுல. நிசாமுக்கு அது வேன். தங்கவேலுக்கு அது ரோடு.

வாகனம் ஓட்டுகிறவனுக்கு மெட்டல் என்றால் என்னவென்று தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நிசாம் தலையில் கை வைத்துக்கொண்டார். தங்கவேல் ஸ்டியரிங் பிடித்து அதிக காலமில்லை. அதற்கு முன்பு கல் உடைத்தவன். இரத்தோட்டைக்கு மேலே கல்குவாரியில் வருடக் கணக்காகச் சம்மட்டி பிடித்தவன். லெட்சுமி அங்கே கூடையில் கல் சுமந்தவள். ரோட்டுக்கு மெட்டல் அடிக்கிற வேலை என்று அதற்குப் பெயர். அவனுக்கு மெட்டல் என்றால் கல். வேறொன்று இருப்பதாக யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. எஞ்சின் கோளாறென்றால் வேனைக் கராஜில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். உள்ளே பார்க்கிற வழக்கமில்லை.

பல்லேகமவில் அக்கம்பக்கத்தார் கண்ட சண்டையும் அதனால் வந்ததுதான் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. லெட்சுமிக்கு வளைவு ரோடு ஒத்துக்கொள்ளாது. வாந்தி எடுப்பாள். போகும்போது மலை வழியாகப் போய்ப் பாதி வழி பையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள். திரும்பும்போது நாவுல வழியாக, சம தரையில் கூட்டி வருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். போன் வந்ததும் மாற்றிவிட்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அவள் வேனுக்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். ரோட்டில் கல் கிடக்கிறது என்று அவனும் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கிறான். கடைசியில் அக்காவிடம் குமட்டலை அடக்க ஒரு தேசிக்காய் வாங்கி முகர்ந்துகொண்டு ஏறிவிட்டாள்.

கூண்டில் நின்றவன்

பில்டர் அவனைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். பாதிதான் காப்பாற்றியது.

எஞ்சின் தானாகத்தான் நின்றது என்பதையும் நிசாம் போனில் சொன்னதையும் நான் சொன்னதும் பொலிசாரிடம் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. அப்படியென்றால் மெட்டல் கழன்ற வேனென்று இவனுக்கு முன்பே போன் வந்திருக்கிறதே. தெரிந்துகொண்டே பெண்சாதியையும் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறியிருக்கிறானே. அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார்கள். கொலைகாரன் இல்லை என்று ஆனவன், தெரிந்தே சாகக் கொடுத்தவன் ஆகப் போனான்.

அதிலிருந்து அவனை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, இவன் ஒன்றைத்தான் அறிந்தவன் என்று நீதிமன்றத்தில் விளக்க வேண்டும். விளக்கினால் கூண்டில் நிற்கிறவனும் கேட்பான். அதுவரை அவனுக்குத் தெரியாது. நாவுல ரோட்டில் கல் கிடந்தது, நான் நல்லதுதான் செய்தேன், என் விதி வேறு மாதிரி இருந்தது என்று நினைத்துக்கொண்டு இருந்தான். அவன் காதில் விழாமல் நீதவானுக்கு மட்டும் சொல்ல ஒரு வழி இருந்தால் என் ஓய்வூதியத்தையே தந்திருப்பேன்.

சொன்னேன். தட்டில் அலசி எடுத்த தகடுகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் காட்டினேன். நிசாமும் தான் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னார். நீதவான் தங்கவேலைப் பார்த்து, மெட்டல் என்றால் உனக்கு என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

“ரோட்டுக்குப் போடுற கல்லுங்க” என்றான்.

வேறு பொருள் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாதென்றான். பிறகு மொழிபெயர்ப்பாளர் என்னுடைய சாட்சியத்தை, அவசரமில்லாமல், தெளிவான தமிழில் அவனுக்குச் சொன்னார். நல்ல மொழிபெயர்ப்பாளர். ஒரு சொல் விடவில்லை. கழன்றது ரோட்டின் மெட்டல் அல்ல, எஞ்சினின் மெட்டல். வராதே என்றது ரோட்டில் அல்ல, வேனில்.

நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். அவன் அழவில்லை. முறிந்து சுகமாகியிருந்த இடக் கையைத் தூக்கி, கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்தான். பின்வரிசையிலிருந்த முருகேசு எழுந்து வெளியே போய்விட்டான்.

பலா மரமும் பஸ்ஸும்

விட்டுவிட்டார்கள். எத்தனையோ தவணைக்குப் பிறகு, ஒரு வெயில் நாளில், தங்கவேல் நீதிமன்ற வாசல் வழியாக வெளியே வந்தான். வேட்டியும் கசங்கிய சட்டையும், கையில் ஒரு பொலித்தீன் பையும். கூட்டிப்போக யாரும் வரவில்லை என்று நினைத்தேன். எதிர்ப்பக்கக் கடையோரம் முருகேசு நின்றான். கிட்ட வரவுமில்லை, போகவுமில்லை.

எனக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் நின்றேன். தங்கவேல் என்னைக் கண்டு வந்தான். கும்பிடுவானோ என்று பயந்தேன். கும்பிடவில்லை.

“நாவுல ரோடு நல்லாத்தான் இருந்துச்சுங்களா ஐயா?”

ஓம் என்றேன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று என்னைப் பலர் ஏசியிருக்கிறார்கள். அன்றைக்கு நானே என்னை ஏசிக்கொண்டேன்.

அவன் தலையை ஆட்டினான். இரத்தோட்டை பஸ் ஒன்று வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அவன் ஏறவில்லை. எதையாவது சொல்லி அவனைத் தேற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தேற்றிப் பழக்கமில்லாதவன் நான். தெரிந்தது எஞ்சின் மட்டும்தான். பலா மரத்தின் கீழே அந்தத் தட்டில் கண்டதெல்லாம் கண்ணுக்குள் இருந்தது. அந்த மெட்டல் எந்த ரோட்டில் ஓடியிருந்தாலும் தாங்கியிருக்காது. அது உண்மை. அதையே சொன்னேன்.

“தங்கவேல், நீர் நாவுலயால வந்திருந்தாலும் அந்த எஞ்சின் நிண்டுதான் இருக்கும். அண்டைக்கு அது எங்கயும் வந்து சேர்ந்திராது.”

அவன் ரோட்டைப் பார்த்தான். அங்கே, நீதிமன்றத்துக்கு முன்னால், ரோடு சமதரையாகத்தான் கிடந்தது.

“நின்னிருக்குங்க ஐயா” என்றான். “நின்ன எடத்துலயே நின்னிருக்கும்.”